ஒரே விளையாட்டா, பல விளையாட்டா? 12 வயதிலேயே முடிவெடுக்கணுமா?

உங்க தம்பிக்கு வயது 12. பள்ளி முடிந்ததும் காற்பந்து, வார இறுதியில் பூப்பந்து. "ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு இருந்தா எதுவும் சரியா வராது, ஒண்ணை விட்டுடு" என்கிறார் பயிற்றுநர். வீட்டில் உங்களிடம் கேட்கிறார்கள். என்ன சொல்வீங்க?

ஜொகூரில் இந்தக் கேள்வி சீக்கிரமே வந்துவிடுகிறது. 2014 முதல் மலேசிய சூப்பர் லீக் பட்டத்தைத் தொடர்ந்து வென்றுவரும் ஜேடிடி, இங்குள்ள பிள்ளைகளின் காற்பந்துக் கனவைப் பெரிதாக்கியிருக்கிறது. பண்டார் பெனாவாரில் உள்ள துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளியில் படிவம் 1-இல் சேர, ஏதாவது ஒரு விளையாட்டில் திறமையைக் காட்டியாகணும்.

அவசரப்பட்டால் என்ன ஆகும்?

வளரும் வயதில் எலும்பு இன்னும் முழுசா உறுதியாகி இருக்காது. ஆண்டு முழுக்க ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் குதிகால், முழங்கால், தோள்பட்டை பாதிக்கப்படலாம். மனசும் சலித்துப்போகும். அதனால்தான் பெரும்பாலான விளையாட்டுகளில் 15, 16 வயதுவரை பொறுத்திருப்பது நல்லது என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது.

அப்படியென்றால் பின்தங்கிவிட மாட்டோமா?

6,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் தரவுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று சுவாரசியமானது. சின்ன வயதில் பதக்கம் குவித்தவர்கள் பெரும்பாலும் சீக்கிரமே ஒரே விளையாட்டில் இறங்கியவர்கள். ஆனால் பெரியவர்கள் பிரிவில் உலகத் தரத்தை எட்டியவர்களோ, சிறு வயதில் பல விளையாட்டுகளை ஆடி, தங்கள் முதன்மை விளையாட்டைத் தாமதமாகத் தொடங்கியவர்கள். 13 வயதுப் பதக்கமும் 23 வயதுப் பதக்கமும் வேற வேற!

ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கமே ஓர் உதாரணம் உண்டு. பேராக்கில் பிறந்த சி. குணாளன் முதலில் காற்பந்து வீரர். 20 வயதைத் தாண்டிய பிறகே ஓட்டப்பந்தயத்துக்கு வந்தார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். அந்த சிங்கப்பூர் சாதனை 33 ஆண்டுகள் நிலைத்தது.

விதிவிலக்கு உண்டா?

உண்டு. முக்குளிப்பு, ஜிம்னாஸ்டிக் போன்றவற்றில் இளம் வயதிலேயே உச்சத்தைத் தொட வேண்டியிருக்கும். மலேசியாவின் பண்டெலெலா ரினோங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் முக்குளிப்பில் வெண்கலம் வென்றபோது அவருக்கு 19 வயதுதான்.

இடம் கிடைத்தால் விட்டுவிடணுமா?

வேண்டாம். நல்ல வாய்ப்பு தினமும் வராது. ஆனால் சேர்வதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேளுங்க:

- வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு உண்டா?
- ஆண்டில் மொத்தம் மூன்று மாதமாவது, ஒவ்வொரு மாதமாகப் பிரித்தாவது, அந்த விளையாட்டிலிருந்து இடைவெளி தருவார்களா?
- வாரப் பயிற்சி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டாமல் இருக்குமா? 12 வயது என்றால் 12 மணி நேரம்.

நான்காவது கேள்வியைத் தம்பியிடமே கேளுங்க: "உனக்கு எது பிடிக்குது?" அவன் "ரெண்டும்" என்றால், இப்போதைக்கு ரெண்டையும் ஆடட்டும். தேர்ந்தெடுக்க இன்னும் மூன்று, நான்கு ஆண்டுகள் இருக்கு.