அறுப்பதற்கு முன் நடுவைக் குறியுங்கள்

செடெனாக்கிலிருந்து கூலாய் வரை செம்பனைத் தோட்டங்களும், அண்மையில் எழும்பிய தரவு மையங்களும் மாறி மாறி வரும். அந்தச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பழைய கொரோலாவோ டாட்சனோ உறுமிக்கொண்டு போனால், ஓட்டுவது பெரும்பாலும் நம் வீட்டுத் தம்பிகளில் ஒருவராகத்தான் இருப்பார். வார நாளில் வேலை, வாரக் கடைசியில் வண்டி. அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். கையில் எண்ணெய் படப் படக் கற்றுக்கொள்ளும் தொழில் வேறெங்கும் கிடைக்காது.

ஜொகூர்க்காரர்களுக்கு ரேஸ் ஆசை வந்ததில் வியப்பும் இல்லை. பாசீர் கூடாங் பந்தயத் தடம் 1986இல் திறக்கப்பட்டது. 1998இல் மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீயே அங்குதான் நடந்தது. கடல் தாண்டிக் கோயம்புத்தூரில், கரிவரதன் என்ற இளைஞர் மாருதி 800 பாகங்களைக் கொண்டு ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்த பிறகு, கோவையின் பந்தயத் தடத்துக்கே கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர் வைத்தார்கள். அவர் சாலைக் காரின் பாகத்தை ரேஸுக்குக் கொண்டுபோனார். நம் தம்பிகள் ரேஸ் பாகத்தைச் சாலைக்குக் கொண்டுவருகிறார்கள். சிக்கல் அதிகம் வருவது இந்த எதிர்த்திசையில்தான், அதிலும் பின் அச்சில்.

ரேஸ் அச்சு பலமானது, ஆனால் அகலமானது. அமெரிக்காவில் 1957இல் வந்த ஃபோர்டு ஒன்பது அங்குல அச்சு இன்றும் ஹாட் ராட் செய்பவர்களின் செல்லம். அதன் நடுப்பகுதியை முன்புறமாக அப்படியே கழற்றி எடுத்து, மேசைமேல் வைத்துப் பல்சக்கரம் மாற்றலாம். ஆனால் ரேஸ் வண்டிக்கென்று செய்த அச்சைச் சிறிய காருக்கு அடியில் வைத்தால் டயர் மட்கார்டுக்கு வெளியே நிற்கும். ஆகவே குழாயை அறுத்துக் குறுக்க வேண்டும்.

"இரண்டு பக்கமும் சமமாக அறுத்தால் போதும்" என்று பட்டறையில் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரு மட்கார்டு விளிம்புகளுக்கும் இடையே 1,600 மில்லிமீட்டர் என்று வையுங்கள். பக்கத்துக்கு 25 இடைவெளி விட்டால் டயரின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு 1,550. டயர் அகலம் 225; சக்கரம் டயரின் நடுவிலேயே அச்சில் உட்காரும் வகை. அப்படியானால் சக்கரத்தை போல்ட் போடும் இரு முகங்களுக்கும் இடையே 1,325 வேண்டும். ரேஸ் அச்சு 60 அங்குலம், அதாவது 1,524. அறுக்க வேண்டியது மொத்தம் 199.

இங்கேதான் ஒரு நுணுக்கம். பினியன், அதாவது புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் இடம், பல அச்சுகளில் நட்டநடுவில் இருக்காது. நம் கணக்கில் அது 25 மில்லிமீட்டர் வலப்பக்கம் தள்ளி இருக்கட்டும். இரு பக்கமும் 99.5 அறுத்தால் சக்கரங்கள் காரின் நடுக்கோட்டுக்குச் சமமாக நிற்கும். பினியன் மட்டும் அதே 25 தள்ளியே இருக்கும். பினியனையும் நடுவுக்குக் கொண்டுவர வேண்டுமானால் வலப்பக்கம் 74.5, இடப்பக்கம் 124.5 அறுக்க வேண்டும். இரண்டுமே சரியான வழிதான். கியர்பாக்ஸின் கோடும் பினியனின் கோடும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால், சிறு தள்ளலை யு-ஜாயிண்ட் தாங்கிக்கொள்ளும். தாங்க முடியாதது சக்கரங்கள் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்பதைத்தான். ஒரு பக்கம் டயர் உரசும். ஆகவே முதலில் நடுவாக்க வேண்டியது சக்கரங்களை, பினியனை அல்ல. இதை முடிவு செய்யாமல் ரம்பத்தைத் தொடக் கூடாது.

அடுத்தது வெல்டிங். சூடு பட்ட குழாய் வளையும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் நல்ல பட்டறையில் ஒரு நேரான தடித்த இரும்புத் தண்டு வைத்திருப்பார்கள். நடுவில் பேரிங் உட்காரும் இடங்களிலும், புதிய முனைகளிலும் துல்லியமாகக் கடைந்த வளையங்களைப் பொருத்தி, அவற்றின் வழியே அந்தத் தண்டைச் செருகிய பிறகுதான் வெல்டிங் செய்வார்கள். ஒரே இடத்தில் ஓட்டாமல், எதிரெதிர் பக்கங்களில் சிறிது சிறிதாக ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டுவார்கள். முழுதும் ஆறிய பின் தண்டு கையால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். போகவில்லை என்றால் குழாய் வளைந்துவிட்டது. அந்த அச்சில் ஓடினால் பேரிங்கும் டயரும் சீக்கிரம் தேயும்.

உள்ளே சுழலும் ஆக்சில் ஷாஃப்டையும் குறுக்கத்தான் வேண்டும். சரியான நீளத்தில் புதிதாக வாங்குவது நல்லது. பழையதையே அறுத்து முனையில் மீண்டும் பல் வெட்டவும் செய்யலாம்; ஆனால் பல் வெட்டும் இடத்தில் போதிய தடிமன் இருக்க வேண்டும். நடுவில் அறுத்து இரண்டு துண்டையும் ஒட்டவைக்கும் வேலைக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். சில வகை அச்சுகளில் ஷாஃப்ட் முறிந்தால் சக்கரமே வெளியே வந்துவிடும். பின்சீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள்.

ரேஸ் அச்சில் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. பலவற்றில் டிஃபரன்ஷியல் இராது. ஸ்பூல் என்ற கட்டை இருக்கும். அது இரண்டு சக்கரங்களையும் எப்போதும் ஒரே வேகத்தில் சுழற்றும். வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் போக வேண்டுமே, அதற்கு அது இடம் தராது. நேராகப் பாயும் பந்தயத்துக்கு அது நல்லது. சாயங்கால மழையில் வளையும் சாலைக்கு ஆபத்து. வண்டியின் வால் வழுக்கிவிடும். அடுத்தது ஹேண்ட் பிரேக். ரேஸுக்கு அது தேவையில்லை என்று விட்டிருப்பார்கள். மேட்டில் நிறுத்தும் குடும்ப வண்டிக்கு அது இல்லாமல் முடியாது.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும், அனுமதி இல்லாமல் செய்த மாற்றம் சாலையில் குற்றம்தான். ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் முன்கூட்டியே கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பிறகு உங்கள் பக்கத்தில் நிற்க யாரும் இருக்க மாட்டார்கள்.

பட்டறைக்காரரிடம் கேட்க மூன்றே கேள்விகள் போதும். நேர்த்தண்டு இருக்கிறதா? இரு பக்கமும் எவ்வளவு அறுக்கப் போகிறீர்கள், ஏன்? ஷாஃப்ட் புதியதா, ஒட்டியதா? நல்ல கைக்காரர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். சுண்ணக்கட்டியை எடுத்துத் தரையிலேயே படம் போட்டுக் காட்டுவார். தண்டு இல்லாமல் "கண்ணாலேயே பார்த்துச் சரிசெய்துவிடுவேன்" என்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். வேறு பட்டறை பாருங்கள். இரண்டு வாரம் தாமதமானாலும் பரவாயில்லை.