தேருக்கு ஒரு நியாயம், காருக்கு ஒரு நியாயமா?

கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள் திருவண்ணாமலை மாட வீதிகளில் பஞ்ச மூர்த்திகளின் தேர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வலம்வரக் கண்டு தரிசிக்கும் லட்சோபலட்சம் ஜனங்களில், பெரிய தேரின் எந்தச் சட்டம் எந்த ஆண்டு மாற்றப்பட்டது, எது பழைய மரம், எது புதிய மரம் என்று விசாரிப்பவர் ஒருவரும் இரார். 2024-ஆம் ஆண்டுத் திருவிழாவுக்கு முன் அந்த மகா ரதத்தைச் செப்பனிட்டு வெள்ளோட்டம் விட்டபோது, அது வேறு தேராகிவிட்டது என்று எவரும் ஆட்சேபிக்கவில்லை. தேய்ந்த உறுப்பை அதே அளவில், அதே அமைப்பில், தொழிலறிந்த கையால் மாற்றுவதே ஜீர்ணோத்தாரணம் என்பதில் நம் ஊருக்குச் சந்தேகம் கிடையாது. இந்தத் தெளிவு பழைய மோட்டார் வண்டிகள் விஷயத்தில் மட்டும் நம்மிடம் இல்லாமற் போனதைப் பற்றியே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் நம்மவர் மனம் இங்கிலாந்துக்கோ இத்தாலிக்கோ தாவிவிடுகிறது. தமிழ்நாட்டார் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1948-இல் சென்னையில் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் செய்து விற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு, டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம்; அந்த ஹெரால்டின் சட்டகத்தைக் குறுக்கி, ஹெரால்டை வரைந்த அதே இத்தாலியக் கலைஞர் மிகலோட்டியைக் கொண்டு மேற்கூடு வரையச் செய்து, 1962-இல் இங்கிலாந்தில் வெளியிட்டதே டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டிலும் உள்ள நான்கு வேகக் கியர்பாக்ஸ், ஐம்பதுகளின் ஸ்டாண்டர்டு எயிட், டென் வண்டிகளிலிருந்து வழிவழியாக வந்த ஒரே குடும்பம். ஆகையால் ஸ்பிட்ஃபயரின் கியர்பாக்ஸை அங்கே ஒருவர் பிரித்துப் பார்க்கும்போது காண்பதையே, நம் ஊர்ப் பட்டறையில் ஹெரால்டை இறக்கும் மெக்கானிக்கும் ஏறத்தாழக் காண்கிறார். சோழவரம் விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்த நாட்களில் ஃபியட்டுகளோடு ஓடிய வண்டி ஹெரால்டு. நான்கு கதவு கொண்ட ஹெரால்டு என்பதோ இந்தியாவைத் தவிர வேறெங்கும் செய்யப்படாத விசேஷம்.

இந்தக் கியர்ப் பெட்டியின் குணாதிசயத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் அதைத் தூக்கி எறியாதே என்று உபதேசிப்பதில் அர்த்தமில்லை. இரண்டு, மூன்று, நான்கு ஆகிய கியர்களுக்கு, பற்கள் சேருமுன் வேகத்தை இசைவிக்கும் பித்தளை சிங்க்ரோ ரிங் உண்டு; முதல் கியருக்குக் கிடையாது. எனவே வண்டி உருண்டுகொண்டிருக்கையில் முதல் கியருக்கு வர விரும்புகிறவர், கிளட்சை ஒருமுறை அழுத்தி நியூட்ரலில் விட்டு, சற்றே ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, மறுமுறை அழுத்தி விழச் செய்ய வேண்டும். அந்தப் பொறுமை இல்லாத ஓட்டுநர்கள் அறுபது ஆண்டுகளாக அரைத்த பற்களின் கதை, பெட்டியைத் திறந்ததும் பிரத்தியட்சமாகத் தெரியும். திறப்பதற்கு முன்னரே காதால் நோயறிகிற நிபுணர்களும் உண்டு. முதல் மூன்று கியர்களிலும் இரைந்து, நான்காவதில் சத்தம் அடங்குமானால் துணை அச்சான லே ஷாஃப்டின் ஊசி பேரிங்குகள் போய்விட்டன என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். நான்காம் கியரில் சக்தி பிரதான அச்சான மெயின் ஷாஃப்ட் வழியே நேராகச் சென்றுவிடுவதால் லே ஷாஃப்டுக்குப் பாரமில்லை என்பதே அதன் காரணம். இரண்டாவது மட்டும் கரகரத்தால் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கும். விழுந்த கியர் தானே நழுவி வெளியே வந்தால், ஸ்பிரிங்கையும் குண்டையும் பார்க்க வேண்டும், ஹப்பின் தேய்மானத்தையும் பார்க்க வேண்டும்.

ஹெரால்டில் பெட்டியை இறக்க வண்டிக்கு அடியில் படுக்க வேண்டிய அவசியம் குறைவு. முன் இருக்கைகளை எடுத்துவிட்டு, நடுவிலுள்ள மூடியைக் கழற்றினால், பெட்டியை வண்டிக்குள்ளிருந்தே பின்னுக்கு இழுத்து வெளியே தூக்கிவிடலாம். இவ்வளவு இணக்கமான ஏற்பாட்டை இக்காலத்து வண்டிகளில் காண்பது அரிது. வடித்த எண்ணெயில் ஒரு காந்தத்தைத் துழாவிப் பார்ப்பது முதல் பரிசோதனை. காந்தத்தில் ஒட்டிக்கொள்வது எஃகுத் துணுக்கு, அதாவது பல்லோ பேரிங்கோ. ஒட்டாமல் பொன்போல மின்னி மிதப்பது சிங்க்ரோ ரிங்கின் பித்தளைத் தூள். பிறகு மெயின் ஷாஃப்டைப் பிரிக்கையில் அதிலுள்ள சர்க்ளிப் ஒன்று, விசேஷக் கருவி இல்லாதவரைப் படாதபாடு படுத்தி வைக்கும். புது சிங்க்ரோ ரிங்கைக் கியரின் கூம்பின்மேல் கையால் அழுத்திப் பிடித்து, நடுவிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். இடைவெளி போதாதெனில் ரிங் புதியதாயினும் உபயோகமில்லை. லே ஷாஃப்டின் ஊசிகளைக் கிரீஸில் ஒட்டவைத்து, அச்சைவிடச் சற்றே மெலிந்த ஒரு குழாயைத் தற்காலிக அச்சாக உள்ளே செருகி நிறுத்தி, பின்னர் உண்மையான அச்சால் அதை மறுபுறம் தள்ளிவிடும் யுக்தியைப் புத்தகத்தில் ஒரு வரியில் எழுதிவிடலாம். கையில் படிவதற்கோ பல தடவை ஊசிகள் சிதறித் தரையில் தேட வேண்டியிருக்கும்.

கடைசியாக ஊற்றும் எண்ணெயின் அளவு ஒரு லிட்டருக்கும் குறைவு. ஆனால் அதில்தான் கடைக்காரர்கள் தாராளமாகத் தவறு செய்கிறார்கள். ஜிஎல்-5 தரமே உயர்ந்தது என்று எண்ணி அதைக் கொடுத்துவிடுகிறார்கள். அதிலுள்ள மிகுதியான கந்தகச் சேர்க்கை பித்தளையை அரிக்கக்கூடும் என்பதால், இம்மாதிரிப் பெட்டிகளுக்கு ஜிஎல்-4 தரமே ஏற்றது.

இவ்வளவு சிரமம் எதற்கு, ஒரு மாருதி ஆம்னியின் பெட்டியை வாங்கி மாட்டிவிட்டால் போயிற்று என்று சொல்பவர்கள் நம் மாநிலத்தில் குறைவில்லை. அவர்களை நான் இகழவில்லை. வண்டி ஓடினால்தான் பிழைப்பு என்றிருந்த ஒருவர், உதிரிபாகம் கிடைக்காத காலத்தில் அப்படிச் செய்தது விவேகமே. ஹெரால்டின் வாரிசான கெசல் எழுபதுகளோடு நின்றது. ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் கடைசி முயற்சியான ஸ்டாண்டர்டு 2000 எண்பதுகளின் பிற்பகுதியோடு நின்றது. அதன் பின்னர் உரிமையாளருக்கு வேறு வழி என்ன இருந்தது? ஆனால் இன்று அபூர்வப் பொருளென்று வண்டியைப் போற்றி, பல லட்சம் செலவிட்டு வர்ணம் பூசி, கண்காட்சியில் நிறுத்துகிறவரும் அதையே செய்வது எனக்கு விளங்கவில்லை. அந்நியப் பெட்டி உட்கார வேண்டுமானால் தாங்கும் சட்டத்தை மாற்ற வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்ட வேண்டும். தரையைக் கிழித்துக் கியர்க்கம்பிக்கு வேறு துவாரம் போட வேண்டும். ஸ்பிட்ஃபயர் இங்கிலாந்தில் இன்றும் பலரால் போற்றப்படுவதால், அக்குடும்பத்துப் பெட்டிக்கு வேண்டிய ரிங்கும் பேரிங்கும் வாஷரும் அங்கே புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. பாகம் கிடைக்கவில்லை என்னும் சமாதானம் முன்போல் செல்லுபடியாகாது.

மத்திய அரசு 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகள், ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவில் பேணப்படும் இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளைப் புராதன வண்டிகளாகப் பதிவு செய்ய வகைசெய்கின்றன. புதிய பதிவுக்கு ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000 கட்டணம். சட்டகத்தையோ மேற்கூட்டையோ எஞ்சினையோ பெரிதாக மாற்றியிருந்தால் அந்த அந்தஸ்து கிடையாது. கியர்பாக்ஸை இந்த வரிசையில் சொல்லாமல் விட்டது ஒரு குறை என்பது என் அபிப்பிராயம். அது எஞ்சினைப் போலவே வண்டியின் சுபாவத்தை நிர்ணயிப்பது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பராமரிப்பு போன்ற காரியங்களுக்கன்றி அன்றாடம் ஓட்டக்கூடாது என்னும் நிபந்தனையும் யோசிக்கத்தக்கது. மாதக்கணக்கில் நின்ற பெட்டியில் எண்ணெய் அடியில் தங்கிவிட, மேலேயுள்ள பேரிங்கில் துரு ஏறும், ஆயில் சீல் காய்ந்து வெடிக்கும். ஆண்டுக்கு இன்னின்ன தூரம் வரை காரணம் கேட்காமல் ஓட்டலாம் என்று அனுமதித்தால் வண்டிகள் நலமாக இருக்கும்.

வண்டிக்கு விதி வந்துவிட்டது. அதைச் செப்பனிடும் கைக்கு என்ன ஏற்பாடு? மின்சாரக் கார் வந்துகொண்டிருக்கையில் பல்சக்கர வித்தை யாருக்கு வேண்டும் என்று கேட்பவர்கள், பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக்கு வந்து சேரும் பஸ்களையும், இந்த ஜில்லாவின் வயல்களில் உழும் டிராக்டர்களையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். அவற்றுள் பெரும்பாலானவை இன்னும் கையால் கியர் மாற்றுபவையே. அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் பயிற்சி ஈராண்டு நடக்கிறது. தனியார் நிறுவனத்தின் கூட்டுறவோடு 71 நிலையங்களை நவீனப்படுத்த ரூ.2,877 கோடியில் திட்டமும் வந்தது. ரோபோவும் கணினி இயந்திரமும் வரவேண்டியவைதாம். அவற்றினிடையே ஒவ்வொரு நிலையத்துக்கும் பிரித்துப் பூட்டவென்றே ஒரு பழைய கியர்பாக்ஸ் வாங்கிவைக்க ஆகும் செலவு, அத்தொகையில் கணக்கிலேயே வராது.

கற்பிப்பவர்களும் இருக்கிறார்கள். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைகளில் முப்பது ஆண்டு கியர்பாக்ஸ் பார்த்து ஓய்வுபெற்றவர்களையும், சொந்தப் பட்டறையில் முதுமை எய்தியவர்களையும் வாரத்தில் இரண்டு நாள் அழைத்துப் பாடம் நடத்தச் சொல்லலாம். தடையாக நிற்பது கல்வித்தகுதிச் சான்றிதழ். பள்ளிப் படிப்பை முடிக்காத ஒருவரை வருகைப் போதகராக அமர்த்தவும் மதிப்பூதியம் கொடுக்கவும் அந்நிலையங்களின் முதல்வர்களுக்கு அதிகாரம் அளித்து, வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை ஓர் உத்தரவு பிறப்பித்தால், அடுத்த ஆகஸ்டில் சேரும் மாணவர்களுக்கே அதன் பலன் கிட்டும்.