சோர்ந்த நெஞ்சுக்கு எந்தப் பாட்டு?



மனஞ் சோர்ந்த வேளையில் கேட்கத்தக்க பாட்டு எது என்று நம்மவரை வினவிப் பாருங்கள். பெரும்பாலோர் தலைவிதியை நொந்து அழும் சினிமாப் பாட்டொன்றையே சொல்வர். வேலை போனவனும் அதைக் கேட்கிறான். வட்டிக்கு வாங்கி வகை கெட்டவனும் அதையே கேட்கிறான். எல்லாம் முன்பே எழுதப்பட்டது என்று குரல் குழைந்து வர, "உண்மைதான்" எனப் பெருமூச்செறிந்து படுத்துவிடுகிறான். இதனால் நன்மை யாருக்கு? படுத்தவனுக்கன்று, அவன் எழுந்து கணக்குக் கேளாதிருக்க வேண்டும் என்று விரும்புவோர்க்கே!

"துன்புற்றவன் துன்பப் பாட்டைக் கேட்டால் நெஞ்சு இலேசாகும், அதையுமா பறிக்கிறீர்?" என்பர் சிலர். அழுகையை யாம் பழிக்கவில்லை. நம் பாட்டிமார் பாடிய ஒப்பாரியை எண்ணிப் பாருங்கள். பழைய மெட்டில் தம் சொல்லையே இட்டு, ஒருத்தி தோளை மற்றொருத்தி பற்றிக்கொண்டு அழுதனர். யார் இறந்தார், யார் கைவிட்டார், எந்த வீட்டில் என்ன கொடுமை என்பதெல்லாம் அப்பாட்டில் வெளிவந்தன. அழுதவள் தனித்திருக்கவில்லை. இன்றோ ஒருவன் இருட்டறையில் காதுக்குழாயை மாட்டிக்கொண்டு, எவரோ எழுதிய விதிப் பாட்டைத் தனியே கேட்கிறான். இரண்டும் ஒன்றாமோ?

பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் உழன்ற பெண்களுக்காகப் பாடியதும் துயரப் பாட்டே. ஆயினும் அது துயரம் நேர்ந்த இடத்தைச் சுட்டியது. கேட்டோர் நெஞ்சைச் சுட்டது. அந்நாளில் எழுந்த பலரின் கூக்குரலால் 1917இல் அங்கு ஆளேற்றுவது நின்றது. 1920இன் தொடக்கத்தில் எஞ்சிய ஒப்பந்தங்களும் ஒழிந்தன. ஒரு பாட்டு மட்டும் அதைச் செய்யவில்லை. ஆனால் அப்பாட்டு விதியின் பக்கம் நிற்கவில்லை என்பதே நாம் கருதத்தக்கது.

"அப்படியானால் குதித்தாடும் பாட்டைக் கேட்போமே" என்பர் வேறு சிலர். பொருளற்ற இரைச்சல் ஒரு மணி நேரம் மறக்கச் செய்யும். கள்ளும் அதைத்தானே செய்தது? வெள்ளைத் துரைமார் காலத்தில் சம்பளம் குறைந்த தோட்டங்களிலும் கள்ளுக்கடை இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டனர். துரையைக் கண்டால் சைக்கிளினின்று இறங்க வேண்டும் என்ற இழிவு ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். மறதி விலங்கென்று அவர்கள் அறிந்திருந்தனர். அவர்தம் பேரர் நாம் அதை மறக்கலாமா?

சினிமாவிலும் நல்ல பாட்டு இல்லாமற் போகவில்லை. 1959இல் இருபத்தொன்பதாம் வயதிலேயே மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், உழைப்பவன் வாழ்வையும் உரிமையையும் எளிய சொல்லில் பாடினார். 1958இல் வெளிவந்த 'நாடோடி மன்னன்' படத்தில், உறங்கிக் காலம் போக்குவோரை எழுப்பும் பாட்டு அவருடையதே. சோர்ந்தவனுக்கு வேண்டியது அத்தகைய குரல்.

பாட்டு மருந்தென்று யாம் சொல்லவில்லை. வாரக்கணக்கில் ஊணும் உறக்கமும் கெட்டால், அது நோய்; மருத்துவரிடம் செல்வதில் வெட்கமில்லை. மந்திரவாதியிடம் போய்ப் பொருளிழப்பதே வெட்கம். ஆனால் அன்றாடச் சோர்வுக்குப் பாட்டு துணையாகும். அதிலும் கேட்பதினும் பாடுவது நன்று, தனியே பாடுவதினும் கூடிப் பாடுவது நன்று.

ஆதலின், தோட்டத்து லயத்தாயினும் பட்டணத்து அடுக்குமாடியாயினும், வாரம் ஒரு மாலை கூடுங்கள். பாட்டியர் அறிந்த கும்மியையும் தாலாட்டையும் பிள்ளைகள் கற்கட்டும். பக்கத்து வீட்டில் ஒருவன் கதவடைத்து விதிப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தால், கதவைத் தட்டி அவனையும் அழையுங்கள். அவன் முதலில் அழட்டும். பின்பு உங்களோடு பாடட்டும்.