நெய்வேலியில் ஒரு முன்மாதிரித் தமிழ்ப்பள்ளி

நிலத்தின் வயிற்றிலிருந்து ஒளியை அகழ்ந்தெடுக்கும் ஊர் நெய்வேலி. 1930களில் சம்புலிங்கனாரின் நிலத்தில் கிணறு தோண்டுகையில் வெளிப்பட்ட கரும்பொருள், 1956-இல் நடுவணரசின் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்ற வழிவகுத்தது. 1962-இல் மின்னாற்றலாய்ச் சுடர்ந்தது. தென்னாட்டு மாநிலங்கள் பலவற்றுக்கு அம்மின்னாற்றல் இன்றும் செல்கின்றது. ஆயின், அக்கரிக்காக வீட்டையும் விளைநிலத்தையும் விட்டுப் பெயர்ந்த உழவர்தம் பிள்ளைகள் எந்தப் பள்ளியில், எந்த மொழியில் கற்கின்றனர்? நெய்வேலியில் முன்மாதிரிப் பொதுப்பள்ளி ஒன்றைத் திட்டமிடுவார் முதலில் விடைகாண வேண்டிய வினா இதுவே.

எண்ணிட்ட வட்டங்களாக வகுக்கப்பெற்ற நகரியத்தில் பள்ளிகளுக்குக் குறைவில்லை. குறை வேறிடத்தில் உள்ளது. பொருளுடையார்க்கு ஆங்கிலவழி, இல்லார்க்குத் தமிழ்வழி என்று தமிழகமெங்கும் விழுந்துள்ள பிளவு, பதவியின் படிநிலை வீட்டின் அளவிலேயே தெரியும் தொழில் நகரியங்களில் மேலும் கூர்மை பெறுகின்றது. 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. தமிழ்வழி என்பது வேறு வழியில்லாதார் வழி என்னும் இழிவு இதனால் உறுதிப்பட்டது. அவ்விழிவைத் துடைக்கும் பள்ளியே முன்மாதிரிப் பள்ளியாகும். அங்குப் பொறிஞர் மகளும் ஒப்பந்தத் தொழிலாளி மகனும் நிலமிழந்த உழவர் பேரனும் ஒரே விசிப்பலகையில் அமர்ந்து, ஒரே தமிழில் அறிவியல் கற்றல் வேண்டும்.

புதுமை என்றதும் கணிப்பொறிகளை வாங்கி அடுக்குதலே பலர்க்கு நினைவில் எழுகின்றது. பொறி வந்தும் அதன் மொழி அயன்மொழியாயின், பிள்ளை அதன் முன்னும் அயலானாகவே நிற்கும். தமிழுக்கு இதில் தடை ஏதுமில்லை. 1999-இல் தமிழ் விசைப்பலகை ஒழுங்குபடுத்தப்பெற்றது. 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. அதே 2001-இல் கேரளம் பள்ளிகளுக்கான கணினித் திட்டத்தைத் தொடங்கி, பின்னர்க் கட்டற்ற மென்பொருள்களை மலையாளத்திலேயே மாணவர் கைகளில் சேர்த்தது. மலையாளத்திற்கு இயன்றது தமிழுக்கு இயலாதா?

நெய்வேலிப் பள்ளிக்கோ, சுரங்கமே ஒரு திறந்த பாடநூல். அடியில் அழுத்தத்துடன் தேங்கியுள்ள நிலத்தடி நீரை இரவுபகலாய் இறைத்தாலன்றி அங்குக் கரி வெட்டவியலாது. மாணவர் ஒவ்வொருவரும் தம்மூர்க் கிணற்றின் நீர்மட்டத்தைத் திங்கள்தோறும் அளந்து, மழையளவோடு ஒப்பிட்டுக் கணினியில் பதிந்து வரட்டும். சில ஆண்டுகளில் அப்பகுதியின் நீர்நிலை வரலாறு அப்பிள்ளைகள் கையில் இருக்கும். கணக்கும் நிலவியலும் குடிமையறிவும் அதில் ஒருங்கே அடங்கும். மாபெரும் வாளிச்சக்கர அகழ்பொறிகளை இயக்கும் தொழிலாளர் வாயில் வழங்கும் தொழிற்சொற்களை மாணவர் தொகுப்பின், அதுவே ஒரு கலைச்சொல் அகரமுதலியாகும்.

அடுத்தது ஆளுகை. 1958 முதல் காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலனார் முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் பள்ளிகளுக்கு வாரி வழங்கினர். கொடுக்கும் உரிமையோடு முடிவெடுக்கும் உரிமையும் இனி அவர்க்கு வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்டிராகவும் இருத்தல் வேண்டுமென்கின்றது. 2022-இல் தமிழக அரசுப் பள்ளிகளில் இக்குழுக்கள் மறுசீரமைக்கப்பெற்றன. ஆயினும் தலைமையாசிரியர் நீட்டிய தாளில் கையொப்பமிடுதலே உறுப்பினர் கடமையெனின், அக்குழு பெயரளவினதே.

நெய்வேலிப் பள்ளிக் குழுவில் நிலமிழந்த குடும்பத்தார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளர்க்கும் உறுதியான இடங்கள் வேண்டும். வரவு செலவைத் திங்கள்தோறும் பள்ளிச் சுவரில் எழுதி வைத்தல் வேண்டும். கற்பிக்கும் முறை ஆசிரியர் பொறுப்பு; கணக்கும் கண்காணிப்பும் பெற்றோர் பொறுப்பு; பொருளுதவி நிறுவனத்தின் பொறுப்பு. 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், பெருநிறுவனங்கள் தம் நிகர ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைக் குமுகாயப் பணிக்குச் செலவிடப் பணிக்கின்றது. எனவே அவ்வுதவி இரவலன்று, கடமை. பொருள் தருவதனாலேயே பள்ளியைத் தனித்து ஆளும் உரிமை நிறுவனத்திற்கு வந்துவிடாது.

இத்திட்டத்திற்கு முதற்பகை தமிழ்ப் பெற்றோரின் அச்சமே. ஆங்கிலவழி இன்றேல் வாழ்வில்லை என அஞ்சுவார்க்குச் சொற்பொழிவு விடையாகாது. நன்கு நடக்கும் ஒரு பள்ளியே விடையாகும். ஆங்கிலத்தை அங்கு மொழிப்பாடமாகச் செம்மையாய்க் கற்பிக்கட்டும். அறிவு மட்டும் தாய்மொழியில் வேர்கொள்ளட்டும். தொழிற்சங்கங்களும் ஆசிரியர்களும் தமிழன்பர்களும் ஒன்றுகூடி இதனைக் கோரிக்கையாக எழுப்புக! ஊதிய உயர்வுக்குக் குரல் கொடுக்கும் தொழிலாளர், தம் பிள்ளைகளின் பள்ளிக்கும் அதே உறுதியோடு குரல் கொடுப்பாராக!

நிலக்கரி ஒருநாள் தீரும். அன்று அப்பிள்ளைகளிடம் எஞ்சுவது, இன்று அவர்க்குக் கொடுக்கும் கல்வி மட்டுமே.