ஆக்குதலும் ஆராய்தலும்

இரசாயன சாலையிலே புதுப்பொருளொன்று பிறந்தவுடன் மருந்தும் பிறந்ததென்று நம்மிற் பலர் கருதுகின்றோம், அது பிழை. ஸல்பானிலமைடு 1908-ஆம் ஆண்டிலேயே ஆக்கப்பட்டது. அதன் வன்மையோ 1935 வரை அறியப்படாது கிடந்தது. ஜெர்மனியில் டோமாக் என்பார் 1932-இல் சோதித்த பிரான்டோஸில் என்னுஞ் செஞ்சாயம், கண்ணாடிக் குழாயிற் கிருமிகளைக் கொல்லவில்லை. நோயுற்ற சுண்டெலிகளையோ காத்தது. உடலினுள் அது சிதைந்து ஸல்பானிலமைடைத் தருவதே காரணமென்று 1935-இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தார் கண்டனர்.

1937-இல் அமெரிக்காவில் அம்மருந்தை டைஎதிலீன் கிளைக்காலிற் கரைத்து விற்றோர் சுவையும் மணமும் பார்த்தனர், நஞ்சு பார்த்திலர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். குழாயோடு நின்றிருந்தால் மருந்தை இழந்திருப்போம். சோதியாது விற்றதால் உயிர்களை இழந்தோம். ஆக்குதல் பாதி, ஆராய்ந்து தெளிதல் மறுபாதி என்பதே எம் துணிபு. மாணவ நண்பர்காள், புதுமை காண விரையும் நாம் பொறுமையையும் கற்போமாக.