கடல் கடந்து வந்த குழந்தை

பிறந்து சில நாட்களே ஆன சிசுவைச் சுவீகாரம் எடுப்பது ஒன்று. நடை பழகி, நாலைந்து சொற்களும் பேசத் தொடங்கிவிட்ட ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தையை வேற்று நாட்டிலிருந்து கொண்டுவந்து வளர்ப்பது முற்றிலும் வேறொன்று. சிசுவுக்கு மடி வேண்டும். அது யாருடைய மடி என்ற விசாரம் அதற்கு இன்னும் பெரிதாக இல்லை. இரண்டு வயதுக் குழந்தையோ தன் ஆட்களை அறியும்; தன் படுக்கையை அறியும்; தான் உண்ணும் கஞ்சியின் ருசியை அறியும். அவ்வாறு அறிந்தவை யாவும் ஒரே நாளில் மறைந்துபோன பின்னரே அது புதிய தாய் தந்தையரின் கைக்கு வந்து சேருகிறது. இந்தக் குழந்தையைப் பற்றியும், அதை ஏற்ற குடும்பத்தின் முதற் சில மாதங்களைப் பற்றியும் இவ்வாரம் வாசகர்களோடு பேச விரும்புகிறோம்.

சீனக் குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். 1992ஆம் ஆண்டு தொடக்கம், 2024 செப்டெம்பரில் சீன அரசாங்கம் இதனை நிறுத்திவிட்டதாக அறிவிக்கும் வரையில், ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் அந்நாட்டின் அநாதை இல்லங்களிலிருந்து பிற நாடுகளுக்குச் சென்றனர். ஏறத்தாழப் பாதிப்பேர் அமெரிக்காவுக்குப் போனார்கள். குடும்பத்துக்கு ஒரே பிள்ளை என்ற சட்டம் நிலவிய காலத்திற் கைவிடப்பட்ட பெண் குழந்தைகளே தொடக்கத்தில் மிகுதி. பிற்காலத்தில், பிளந்த உதடு, இருதயக் கோளாறு போன்ற குறைகளோடு பிறந்த ஆணும் பெண்ணுமாகப் பலர் சென்றனர். அக்குழந்தைகளை வளர்த்த குடும்பங்கள் தங்கள் அனுபவங்களை விரிவாக எழுதி வைத்திருக்கின்றன. அவற்றில் நமக்கும் பயன்படத்தக்கவை பல உள. போரிலும், 2004ஆம் ஆண்டுக் கடற்கோளிலும் பெற்றோரை இழந்த பிள்ளைகளை உறவினர் வீடுகள் ஏற்றுக்கொண்ட நாடல்லவா நமது?

மாகாணத் தலைநகரில், அரசாங்கக் காரியாலயம் ஒன்றிலோ ஹோட்டல் ஒன்றிலோ குழந்தையைக் கையளிப்பது வழக்கம். பெயர் கூப்பிடப்படும், பராமரிப்புப் பெண் குழந்தையை நீட்டுவாள், சில நிமிஷங்களில் காரியம் முடிந்துவிடும். பெற்றோர் மாதக்கணக்காக, சிலர் வருஷக்கணக்காகக் காத்திருந்த நிமிஷம் அது. குழந்தையின் புகைப்படத்தை அவர்கள் நூறு முறை பார்த்திருப்பார்கள். குழந்தையோ அவர்களை அன்றுதான் காண்கிறது. நிறம் வேறு, மூக்கு வேறு, வாசனை வேறு, பேச்சு வேறு. புதிய தந்தைக்குத் தாடியும் இருந்துவிட்டாற் கேட்கவேண்டியதில்லை!

சில குழந்தைகள் மணிக்கணக்காக வீறிட்டு அழுதன. சில அழவே இல்லை. அழாத குழந்தையைக் கண்ட பெற்றோர், "என்ன சமர்த்து!" என்று மகிழ்ந்தார்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். லண்டனில் ஜேம்ஸ் ரொபேட்சன் என்பவர் 1952ஆம் ஆண்டில் ஒரு சலனப்படத்தை வெளியிட்டார். சிறிய சத்திரசிகிச்சைக்காக எட்டு நாட்கள் வைத்தியசாலையில் தங்கிய லோரா என்னும் இரண்டு வயதுச் சிறுமியைப் பற்றிய படம் அது. தாயைப் பிரிந்த இவ்வயதுக் குழந்தை முதலில் உரத்து எதிர்க்கும். பின்னர் துயரில் ஒடுங்கும். அதன் பின் எதிலும் ஒட்டாமல் விலகிக்கொள்ளும் என்று அவரும், அவரோடு பணியாற்றிய ஜோன் போல்பியும் விளக்கினர். ஒடுங்கிய குழந்தையைப் பார்த்து, "பழகிவிட்டது" என்று வைத்தியசாலையார் எண்ணியிருந்த காலம் அது. ஆகையால், புதிய வீட்டில் அழும் குழந்தை நம்மை அச்சுறுத்தினாலும், அதன் அழுகையில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது: அது முன்பு யாரோ ஒருவரை நேசித்திருக்கிறது. ஒருவரை நேசித்த குழந்தை இன்னொருவரை நேசிக்கவும் வல்லது.

இனி வீட்டுக்கு வருவோம். கோடைகாலத்தில் சீனாவுக்கும் நியூயோர்க்குக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். நள்ளிரவில் குழந்தை விளையாட எழுந்துவிடும். நண்பகலிற் சோறு வாயில் இருக்கும்போதே தூங்கி விழும். இது சில நாட்களிற் சீராகிவிடும். சீராக நாட்பட்டது இரவுப் பயமே. மேனாட்டார் குழந்தைக்கெனத் தனி அறை ஒதுக்கி, சுவருக்கு வர்ணம் பூசி, பொம்மைகளை அடுக்கிவைத்து ஆவலோடு காத்திருப்பார்கள். வரிசையாகக் கட்டில்கள் கிடக்கும் அறையில், பிற குழந்தைகளின் மூச்சொலியைக் கேட்டே உறங்கிப் பழகிய குழந்தைக்கு, அந்த அழகிய தனியறை ஒரு பாழ்வெளி. அனுபவப்பட்ட பெற்றோர் பலர் குழந்தையின் தொட்டிலைத் தம் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார்கள். பாயை விரித்துப் பிள்ளைகளை அருகிற் போட்டு உறங்கும் நம்மவருக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. இந்த ஒரு விஷயத்தில் நம் பாட்டிமார் வெகு காலத்துக்கு முன்னரே சித்தியடைந்துவிட்டார்கள் என்று சொல்லலாம்.

உணவைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். சில குழந்தைகள் தட்டிற் போட்டதையெல்லாம் வயிறு வீங்கும் வரை உண்டன. ஒரு பிஸ்கட்டைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே உறங்கின. தலையணைக்கு அடியிற் சோற்றை ஒளித்தும் வைத்தன. அடுத்த வேளை உணவு நிச்சயமில்லாத இடத்திலிருந்து வந்த பிள்ளைக்கு அது பேராசையன்று, முன்யோசனை. தட்டைப் பறிக்காமல், எட்டும் இடத்தில் எப்பொழுதும் சிறிதளவு பழமோ பாணோ வைத்துவிட்டால், சில மாதங்களில் அந்தப் பதற்றம் தானாகவே தணிந்துவிடும். மலசலப் பழக்கம் வேறொரு வேடிக்கை. சீனாவிற் குழந்தைகளுக்கு அடிப்புறம் பிளந்த காற்சட்டை அணிவிக்கும் வழக்கம் உண்டு. குந்தினாற் போதும், வேலை முடிந்தது. அப்படிப் பழகிய பிள்ளைக்கு அமெரிக்கத் தாய் துணியால் இறுகக் கட்டிவிட்டால் அது திகைக்காமல் என்ன செய்யும்?

இவையெல்லாம் சில்லறை விஷயங்கள். குடும்பத்திற் பெரும் மனத்தாங்கலை உண்டாக்குவது வேறொன்று. முதற் சில வாரங்களில், இயலுமானாற் சில மாதங்களில், தாயும் தந்தையும் மாத்திரமே குழந்தைக்கு உணவூட்டவேண்டும், குளிப்பாட்டவேண்டும், தூக்கவேண்டும், உறங்கவைக்கவேண்டும் என்று இத்துறையில் அனுபவமுள்ளோர் கூறுகின்றனர். இதைப் பாட்டியிடம் யார் சொல்வது? ஆசையோடு கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டு விமான நிலையத்துக்கே வந்து நிற்கும் பாட்டியிடம், "அம்மா, நீங்கள் இப்போது தூக்கவேண்டாம்" என்று சொன்னால் அவள் நெஞ்சு நோகாதா? வெள்ளைக்காரப் பாட்டியின் நெஞ்சும் பாட்டியின் நெஞ்சுதானே.

ஆயினும் காரணத்தை அறிந்தாற் பாட்டி இணங்குவாள் என்றே நம்புகிறோம். பல கைகள் மாறி மாறிப் பராமரித்த குழந்தைக்கு, "என்னுடையவர்" என்று ஒருவரைப் பற்றிக்கொள்ளும் பழக்கம் குறைவு. அது எவரைக் கண்டாலும் சிரிக்கும். கடைக்காரரிடம் கையை நீட்டும். வழிப்போக்கரின் மடியிலும் ஏறிவிடும். வந்தவர்கள், "என்ன இனிய சுபாவம்! எல்லோரிடமும் வருகிறதே!" என்பார்கள். அதைக் கேட்கும் தாய்க்குத்தான் வயிற்றைக் கலக்கும். எல்லோரிடமும் ஒரேவிதமாகப் போகும் குழந்தைக்கு இன்னும் தாய் என்ற ஒருத்தி தனியாக இல்லை என்பதே அதன் பொருள். 1990ஆம் ஆண்டளவில் ருமேனியாவின் அநாதை இல்லங்களிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த குழந்தைகளை மைக்கேல் ரட்டர் என்னும் பேராசிரியரும் அவர் குழுவினரும் பல்லாண்டுகள் ஆராய்ந்தார்கள். ஆறு மாதத்துக்கு மேல் அவ்வில்லங்களில் இருந்தோரிடையே அந்நியரோடு கூச்சமின்றி ஒட்டிக்கொள்ளும் இயல்பு நெடுங்காலம் நீடித்ததை அவர்கள் கண்டனர். ருமேனிய இல்லங்கள் மிகக் கொடியவை. எல்லாக் குழந்தைகளையும் அவற்றோடு ஒப்பிடலாகாது. எனினும் பாடம் பொதுவானது. பாட்டி அருகில் அமர்ந்து கதை சொல்லலாம், பாடலாம், வீட்டு வேலைகளை ஏற்றுக்கொண்டு மகளுக்கு ஓய்வளிக்கலாம். குழந்தை கையை நீட்டினால் மாத்திரம், அன்போடு அதனைத் தாயின் பக்கம் திருப்பிவிடவேண்டும். சில மாதப் பொறுமை. அதற்குப் பின் பாட்டியின் ராச்சியம்தான்.

தந்தைமாருக்கும் ஒரு சோதனை உண்டு. அநாதை இல்லங்களிற் பராமரிப்போர் பெரும்பாலும் பெண்கள். சீனர் அவர்களை "ஆயி" என்று அழைப்பார்கள், நமது ஆயாவை நினைவூட்டும் சொல். ஆடவரையே காணாது வளர்ந்த குழந்தை, தந்தை அறைக்குள் வந்தாலே அலறும். இதற்கு நேர்மாறாகத் தந்தையைப் பற்றிக்கொண்டு தாயைத் தள்ளிய குழந்தைகளும் உண்டு. அவ்வாறு தள்ளப்பட்ட தாயின் நிலை இரங்கத்தக்கது. காத்திருந்த காலமெல்லாம் நினைவிற் சீராட்டிய குழந்தை, கையிற் கிடைத்தபின் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அதைவிடக் கொடியது, அவள் எவரிடமும் சொல்லத் துணியாத ஒன்று: தனக்கே அக்குழந்தைமீது இன்னும் பாசம் ஊறவில்லை என்பது. பெற்ற தாய்மார் சிலருக்குப் பிரசவத்தின் பின் வரும் மனச்சோர்வு, சுவீகாரத் தாய்மாருக்கும் வருவதுண்டு என்பதை இன்று வைத்தியர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். "நீயாகத்தானே விரும்பிக் கொண்டுவந்தாய்" என்று ஒருவர் வாய்தவறிச் சொல்லிவிட்டால், அவள் வாயைத் திறக்கவே மாட்டாள். சொல்லவேண்டாம். பாசத்துக்கு முன் பணிவிடை வரலாம். ஊட்டியும் துடைத்தும் தூக்கியும் வரும்போதே பாசமும் மெல்ல வந்து சேர்ந்ததாகப் பல தாய்மார் எழுதியிருக்கின்றனர்.

மொழியின் கதை தனிச் சுவையுடையது. சீன மொழியில் "மாமா" என்றால் அம்மா! "பாபா" என்றால் அப்பா. "பாவ்பாவ்" என்றால் தூக்கு. "புயாவ்" என்றால் வேண்டாம். இந்த நாலைந்து சொற்களை முன்கூட்டியே பாடம் பண்ணிக்கொண்டு போன பெற்றோர் மிகுந்த பயனடைந்தார்கள். "புயாவ்" என்பதையே அதிகமாகக் கேட்டார்கள் என்பது வேறு கதை. சிலர் பாடம் பண்ணிய சொற்களைச் சொன்னபோது குழந்தை விழித்தது. அது வளர்ந்த ஊரில் வழங்கியது வேறு பேச்சு. இரண்டு மூன்று மாதங்களில் அந்தப் பழைய சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடும். புதிய மொழி வந்து அவ்விடத்தை நிரப்பும்.

உதிர்ந்தவை அடியோடு அழிந்துபோகின்றனவா? 2003ஆம் ஆண்டில் பிரான்ஸில் நடந்த ஓர் ஆராய்ச்சியில், சிறு வயதிற் கொரியாவிலிருந்து வந்து வளர்ந்தோர் கொரிய மொழியைக் கேட்டபோது, அவர்களது மூளையில் விசேஷமான அசைவு எதுவும் தென்படவில்லை. ஆகவே முற்றாக அழிந்துவிடுகிறது என்று எண்ணினர். ஆனால் 2014ஆம் ஆண்டிற் கனடாவின் மொன்றியல் நகரில், ஏறத்தாழ ஒரு வயதிற் சீனாவிலிருந்து வந்து பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த சிறுமியரை ஆராய்ந்தனர். சீன மொழியின் ஏற்ற இறக்க ஒலிகள் காதில் விழுந்ததும், சீனம் பேசுவோரின் மூளையில் எந்தப் பகுதி விழித்ததோ, அதே பகுதி இவர்களுக்கும் விழித்தது. அச்சிறுமியருக்கோ ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது! ஒல்லாந்தில் வளர்ந்த கொரியப் பிள்ளைகள் முப்பது வயதளவிற் கொரிய ஒலிகளைக் கற்கத் தொடங்கியபோது, மற்ற ஒல்லாந்தரைவிட விரைவாகக் கற்றனர் என்று 2017ஆம் ஆண்டில் இன்னோர் ஆராய்ச்சி கூறியது. "சின்னப் பிள்ளைதானே, எல்லாம் மறந்துவிடும்" என்று ஆறுதல் சொல்வோர் இதை அறிந்திருப்பது நன்று.

மறவாமையைப் பற்றிப் பேசும்போது பத்திரங்களைப் பற்றியும் பேசியாகவேண்டும். 1970களிலும் 1980களிலும் நம் நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான சிசுக்கள் ஒல்லாந்து, சுவீடன், சுவிற்சர்லாந்து முதலிய தேசங்களுக்குச் சுவீகாரமாகச் சென்றன. அவர்களிற் சிலர் வளர்ந்து, தாயைத் தேடி இலங்கைக்கு வந்தபோது, பத்திரத்தில் தாயெனக் கையொப்பமிட்ட பெண் தம்மைப் பெற்றவளே அல்லள், அதற்கென அழைத்துவரப்பட்டவள் என்பதை அறிந்தனர். 2020ஆம் ஆண்டிற் சுவிஸ் அரசாங்கம் இம்முறைகேடுகளைக் குறித்து வருத்தம் தெரிவித்தது. 2021ஆம் ஆண்டில் ஒல்லாந்து, விசாரணைக் குழுவொன்றின் அறிக்கையின் பின், வெளிநாட்டுச் சுவீகாரங்களை இடைநிறுத்தியது. மனமார நேசித்து வளர்த்த பெற்றோரும் அந்நாட்களிற் கையிற் கொடுத்த கடுதாசியை நம்பியே பிள்ளையைக் கொண்டுபோயினர்.

இதனாற்றான், விவரமறிந்த குடும்பங்கள் எந்தத் துண்டையும் எறியவில்லை. கையளித்த நாளிற் குழந்தை அணிந்திருந்த சட்டையைத் துவைக்கக்கூட விரும்பாமல், அதன் பழைய வாசனையோடு சில நாட்கள் தலைமாட்டில் வைத்தார்கள். பின்னர் அதனை ஒரு பெட்டியில் இட்டார்கள். அநாதை இல்லத்தின் படம், பராமரித்த பெண்ணின் படம், சீன எழுத்தில் எழுதிய பெயர், அது கண்டெடுக்கப்பட்ட இடத்தைக் குறித்த சிறு விளம்பரத் துண்டு, யாவும் அதற்குள் இருந்தன. சுவீகாரம் என்பதை மறைத்து, ஊரார் வாய்மொழியாற் பதினைந்து வயதில் அறியவிடும் வழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. நாம் அதனை ஒப்பவில்லை. முகமே வேறான குழந்தையிடம் அந்த மறைப்புச் செல்லவும் செல்லாது. இரண்டு வயதிலேயே, பொருள் விளங்காவிட்டாலும், உறங்கும் வேளையில் அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள்: பெரிய ஆறுள்ள ஓர் ஊர், அங்கே ஓர் ஆயி, அவள் கையில் ஒரு பாப்பா, ஒரு நீண்ட விமானப் பயணம். மூன்று, நான்கு வயதில் ஒரு நாள் மாலை, "அந்த ஆயி இப்போது எங்கே?" என்று குழந்தையே கேட்கும். அப்போது பெட்டியைக் கீழே இறக்கி, அந்தப் படத்தை அதன் கையிற் கொடுக்கலாம்.