மனநல இல்லங்களுக்குக் கட்டடம் கட்ட யார் பணம் தருவது? சி.எஸ்.ஆர் விதி முதல் வீட்டு அட்வான்ஸ் வரை

'இந்த வருஷம் நம்ம சி.எஸ்.ஆர் தீம் மனநலம்' என்று உங்கள் ஆபீஸிலும் மெயில் வந்திருக்கலாம். பின்னாலேயே ஒரு வெபினார், ஒரு ஹெல்ப்லைன் எண், ஒரு நாள் வாலன்டியரிங் என்று வரிசையாக நடக்கும். நல்ல விஷயம்தான். ஆனால், தீவிர மனநோயிலிருந்து மீண்டு வருபவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் தொண்டு நிறுவனங்களின் தேவைப் பட்டியல் வேறு: ஒழுகாத கூரை, தாழ்ப்பாள் உள்ள குளியலறை, தீப்பிடித்தால் ஓடுவதற்கு இரண்டாவது வாசல். இதற்கான ஒருமுறைச் செலவைத்தான் மூலதன மானியம் என்கிறார்கள். மனநலத் துறையில் கிடைப்பதற்கு அரிதான பணம் இதுதான்.

கட்டடம் ஏன் இவ்வளவு முக்கியம்?

ஏர்வாடியை நினைத்துப் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. பாதுகாப்பான, சுகாதாரமான சூழலும் அந்தரங்கமும் நோயாளியின் உரிமை என்கிறது. அரசு மருத்துவமனையோ, அறக்கட்டளை நடத்தும் இல்லமோ, எல்லாமே பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரத்தை எட்ட வேண்டும். ஆனால், ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் அந்தத் தரத்தை எட்டுவதற்கான செலவை யார் தருவார்கள்? அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை.

அரசு தன் சொந்தக் கட்டடங்களையே சரியாக வைத்திருக்கவில்லை என்பது தனிக்கதை. நாட்டின் 46 அரசு மனநல நிறுவனங்களின் நிலை மனிதாபிமானமற்றதாக இருப்பதாக தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2023 ஜனவரியில் கண்டித்தது. குணமான பிறகும் பலர் உள்ளேயே வைக்கப்பட்டிருப்பதையும் அது சுட்டிக்காட்டியது.

அரசுப் பணம் எங்கே போகிறது?

2024-25 மத்திய பட்ஜெட்டில் மனநலத்துக்கென நேரடியாக ஒதுக்கப்பட்டது சுமார் 1,000 கோடி ரூபாய். அதில் 850 கோடி பெங்களூரு நிம்ஹான்ஸுக்கு, 90 கோடி டெலி மானஸ் தொலைபேசிச் சேவைக்கு. மிச்சத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்க. சமூக நீதி அமைச்சகத்தின் தீனதயாள் மறுவாழ்வுத் திட்டத்தில் மனநோயிலிருந்து மீண்டவர்களுக்கான இடைநிலை இல்லங்களுக்கும் இடம் உண்டு. ஆனால், எல்லா மாற்றுத்திறனாளிகளுக்குமான அந்தத் திட்டத்தில் இது ஒரு சின்னப் பகுதி.

சரி, சி.எஸ்.ஆர் பணத்தில் கட்டலாமா?

தாராளமாக. 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம். இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, கடந்த 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தில் உருவாகும் சொத்து யார் பெயரில் இருக்கலாம் என்பதை 2021 ஜனவரியில் வந்த விதித் திருத்தம் தெளிவாக்கியது. கம்பெனி பெயரில் இருக்கக் கூடாது. சி.எஸ்.ஆர் பதிவு எண் பெற்ற அறக்கட்டளை, சங்கம், அரசு அமைப்பு ஆகியவற்றின் பெயரில் இருக்கலாம்.

அப்புறம் என்ன தடை? முதலில், எண்ணிக்கை. ஒரு ஆப் மூலம் ஆயிரக்கணக்கானவர்களைச் சென்றடைந்ததாக ஆண்டறிக்கையில் எழுதலாம். ஐந்து பேர் கௌரவமாக வாழும் ஒரு வீடு அந்த அறிக்கையில் சின்ன எண்ணாகத்தான் தெரியும். அடுத்தது, காலம். ஒரு சி.எஸ்.ஆர் திட்டம், தொடங்கிய ஆண்டைத் தவிர்த்து 3 ஆண்டுகளுக்குள் முடிய வேண்டும். கட்டடமோ 30 வருஷம் நிற்கும். நான்காவது வருஷம் சமையல்காரருக்கும் நர்ஸுக்கும் சம்பளம் யார் தருவது?

வெளிநாட்டு நன்கொடையும் சுலபமில்லை. 2020 எஃப்.சி.ஆர்.ஏ திருத்தத்துக்குப் பிறகு, ஒரு நிறுவனம் தான் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொன்றுக்குப் பகிர முடியாது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. பெரிய நிறுவனங்களை நம்பியிருந்த சின்ன இல்லங்களுக்கு இது நேரடி அடி.

பணம் வந்தால் பிரச்சனை தீர்ந்ததா?

இங்கேதான் கவனம் தேவை. 200 படுக்கை, உயரமான காம்பவுண்டு, ஊருக்கு வெளியே மலிவான நிலம் என்று கட்டினால், புது பெயின்ட் அடித்த பழைய காப்பகம்தான் கிடைக்கும். குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிறுவனத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது அதே 2017 சட்டத்தின் 19-வது பிரிவு.

மாற்று வழி நம்ம ஊரிலேயே இருக்கிறது. 1993-ல் சென்னையில் தொடங்கிய 'தி பேன்யன்' அமைப்பின் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தில், நீண்டகாலம் மருத்துவமனைகளில் இருந்தவர்கள் நான்கைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் வாழ்கிறார்கள். உதவிக்குப் பணியாளர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டி, இதை நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாகச் சேர்த்தது. இங்கே மூலதனச் செலவு என்றால் வீட்டு அட்வான்ஸ், கட்டில், பாத்திரம், குளியலறைக் கைப்பிடி. தமிழ்நாட்டின் சில மாவட்டங்களில் இன்னொரு வழியும் நடைமுறையில் உள்ளது. வீடற்ற மனநோயாளிகளுக்கான மீட்பு மையங்களுக்கு அரசு இடம் தருகிறது, தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன.

ஆக, மூலதன மானியம் அவசியம்தான். ஆனால், நடத்துவதற்கான பணமும் சேர்ந்து வராவிட்டால் அது பூட்டிய கட்டடமாகிவிடும். அடுத்த முறை அந்த சி.எஸ்.ஆர் மெயில் வரும்போது மூன்றே கேள்விகள் கேளுங்கள். சொத்து யார் பெயரில் இருக்கும்? ஐந்தாவது வருஷம் சம்பளம் யார் தருவார்கள்? நம்ம வீட்டில் ஒருவருக்குத் தேவைப்பட்டால், அந்த அறையில் அவரைத் தங்கவைப்போமா?

(மனநல உதவி தேவைப்பட்டால் டெலி மானஸ் சேவையை 14416 என்ற இலவச எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம்.)